நாற்பது தோட்டா

பைன் ஓடை, மொன்டானா
செப்டம்பர் 21, 2020

லியோனா,

இங்கே நலம். உன் அக்கா ஓப்பலின் இடுப்பு எப்படி இருக்கிறது? கேட்பவர்களிடமெல்லாம், அவளுடைய ஆபரேஷனுக்குத் துணையாக நீ ஸ்போகேன் போயிருக்கிறாய் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு எதுவும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

எழுத வந்த விஷயம் இதுதான். உன் அப்பாவின் சாவேஜ் துப்பாக்கியை நான் பக்கத்து வீட்டு வெண்டலுக்குக் கொடுத்ததில் உனக்குக் கோபம். அதை மறுபடி கிளற வேண்டாம்; நீ கிளம்பிய அன்றே போதுமான அளவு கிளறிவிட்டாய். ஆனால் அதற்கான தோட்டா இரண்டு பெட்டி, மொத்தம் நாற்பது, சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. இப்போது இல்லை. துப்பாக்கியோடு அதையும் சேர்த்துத் தருவதாகத்தான் வெண்டலிடம் வாக்குக் கொடுத்தேன். பதிலுக்குத் தன்னிடமிருந்த மூவாயிரம் தோட்டாவையும் அவன் அன்றே தந்துவிட்டான். இப்போது தினமும் வாசலில் வந்து நிற்கிறான். தபாலில் தோட்டா அனுப்பக் கூடாது என்று எனக்கும் தெரியும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு.

லிபி டவுன் கடையில் இன்றும் தோட்டா ஒன்றுமில்லை. "ஆளுக்கு ஒரு பெட்டி மட்டும்" என்று பலகை தொங்குகிறது. பலகைதான் இருக்கிறது, பெட்டி இல்லை. தட்டுப்பாடு வரும் என்று நான் மார்ச்சிலேயே சொன்னேனா இல்லையா?

நீ கேட்டபடி குளியல் தொட்டியைக் காலி செய்துவிட்டேன். அதிலிருந்த என் தோட்டாப் பெட்டி எல்லாவற்றையும் படுக்கைக்குக் கீழே தள்ளியிருக்கிறேன்.

ராய்ஸ்


ஸ்போகேன்
செப்டம்பர் 28

ராய்ஸ்,

நாற்பதும் என் கைப்பையில் இருக்கிறது. அங்கேயேதான் இருக்கும்.

யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த யானையும் உன்னுடையதில்லை. நான் லிபியில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில், சுவரில் இருந்த என் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாய். திரும்பி வந்தால் சுவரில் இரண்டு ஆணி, கூடத்தில் மூன்று இரும்புப் பெட்டி. "பார், மூவாயிரம்!" என்று பிறந்த குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினாய். வாய் மரத்துப் போயிருந்ததால் தப்பித்தாய்.

கணக்குச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. அப்பா போன தொண்ணூற்று நாலாம் வருஷத்திலிருந்து இருபத்தாறு வேட்டைக் காலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டா. ஒரே ஒரு வருஷம் கால் வழுக்கி இரண்டாவது தேவைப்பட்டது. காலித் தோட்டாக்கள் சமையலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கின்றன, நீயே எண்ணிக்கொள். நான் சுட்டேன், நீ சுமந்தாய், இரண்டு பேரும் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டோம். மிச்சம் நாற்பது. எனக்கு அறுபத்தொன்று நடக்கிறது. நூற்றொரு வயதுவரை எனக்குக் கவலையில்லாமல் இருந்தது, ராய்ஸ். இந்தப் பள்ளத்தாக்கிலேயே தட்டுப்பாட்டுக்குத் தயாராக இருந்த ஒரே ஆள் நான்தான்.

தொலைபேசியில் சொல்லியிருப்பேன். அரசாங்கம் ஒட்டுக் கேட்கிறது என்று நாலு வருஷம் முன்பே கம்பியை வெட்டச் சொன்ன புண்ணியவான் நீ. ஆகையால் சண்டையும் தபால் தலை ஒட்டித்தான் போட வேண்டியிருக்கிறது.

லியோனா


பைன் ஓடை
அக்டோபர் 3

லியோனா,

நீ கோபத்தில் எழுதுகிறாய். நான் நிதானமாக எழுதுகிறேன்.

தோட்டா கிடைக்காத துப்பாக்கி வெறும் கட்டை. அந்த அளவுத் தோட்டா ஏப்ரலிலிருந்து எந்தக் கடையிலும் இல்லை. இனி வருமா என்பதும் சந்தேகம். என் கறுப்புத் துப்பாக்கிக்கு ஏற்றது வெண்டலிடம் மூவாயிரம் இருந்தது. அவனுக்குப் பழைய சாமான் மேல் மோகம். இதில் தப்பு எங்கே இருக்கிறது? இப்போது கையிருப்பு சரியாகப் பதினோராயிரம். பீன்ஸ் இருநூறு கிலோ, உப்பு ஐம்பது, மாவு எட்டு மூட்டை, மண்ணெண்ணெய் ஆறு பீப்பாய். போன வாரம் லிபியில் மீன் டப்பா நாலு டஜன் கிடைத்தது, அப்படியே அள்ளிவிட்டேன்.

படுக்கையறைத் தரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கதவு சாத்தவில்லை. குளிர் வந்தால் சரியாகிவிடும்.

ஈஸ்ட் எங்கே வைத்திருக்கிறாய்? ரொட்டி எழும்பவே மாட்டேன் என்கிறது.

ராய்ஸ்

பி.கு. மீனில் ஏதோ வாடை வருகிறது. பழைய சரக்கு போலிருக்கிறது.


ஸ்போகேன்
அக்டோபர் 9

ராய்ஸ்,

ஈஸ்ட்டை நீ வாங்கவே இல்லை. எட்டு மூட்டை மாவு வாங்கியவனுக்கு ஈஸ்ட் நினைவுக்கு வரவில்லை. ஜாடி மூடியும் வாங்கவில்லை. ஆகஸ்டில் நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்: கறியைக் கொதிக்க வைத்து ஜாடியில் அடைக்கப் புது மூடி வேண்டும், கடையில் தீர்ந்துகொண்டு வருகிறது, இரண்டு டஜனாவது எடுத்து வா என்று. மூடி கேட்டவளுக்கு மண்ணெண்ணெய் கொண்டு வந்தாய்.

இன்னொன்று. வெண்டலின் மனைவி ஜோலின் ஓப்பல் வீட்டுக்குப் போன் செய்தாள். நீ மீன் டப்பா ஒன்றை அவர்களுக்கும் கொடுத்தாயாம். அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "லியோனா, உன் வீட்டுக்காரர் எங்களுக்குப் பூனைச் சாப்பாடு குடுத்திருக்காரு. டப்பா மேல கொழுகொழுன்னு ஒரு பூனை படம் போட்டிருக்கு. உங்க வீட்ல பூனையே கெடையாதே!" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தெட்டு டப்பா, ராய்ஸ். ஒன்றின் மேல்கூடவா பூனை உன் கண்ணில் படவில்லை? பீதி பிடித்தவனுக்குக் கண் தெரியாது என்பது சரிதான்.

உன் எழுத்தும் ஏன் இப்படி இருக்கிறது? ஒவ்வொரு எழுத்தும் உருளைக்கிழங்கு அளவு, கோட்டைத் தாண்டி ஓடுகிறது. உறையின் மேல் முகவரியைத் தபால்காரர் எப்படிப் படித்தாரோ.

ஓப்பல் ஊன்றுகோலோடு நடக்கிறாள். என்னை ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுகிறாள். "இன்னும் எத்தன நாள் இங்க இருக்கப் போறே? நான் போகச் சொல்லல. சும்மாதான் கேட்டேன்" என்கிறாள். நானும் என்னையே சும்மாதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கி அந்த இரண்டு ஆணியில் திரும்ப மாட்டப்பட்டால் வருவேன். இல்லாவிட்டால் இல்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

லியோனா


பைன் ஓடை
அக்டோபர் 16

லியோனா,

பேனா மோசம். அதுதான் எழுத்து அப்படி.

பூனைச் சாப்பாடும் சாப்பாடுதான். தட்டுப்பாடு முற்றும்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

வெண்டலிடம் பேசினேன். அவனும் எரிச்சலில்தான் இருக்கிறான். "ஏண்டா, குண்டு இல்லாத துப்பாக்கிய வெச்சுக்கிட்டு நான் என்ன, அடுப்புக் கிளறவா? எம் மூவாயிரத்தக் குடு, உன் கட்டையத் தூக்கிக்கிட்டுப் போ" என்றான். யோசிக்கிறேன் என்றேன். நேரடியாகச் சொன்னால், இப்போது அந்த மூவாயிரம் செப்டம்பரில் இருந்த மூவாயிரம் இல்லை. லிபியில் ஒரு பெட்டிக்கு ஒரு கன்றுக்குட்டி கேட்கிறார்கள். இந்த நேரத்தில் திருப்பிக் கொடுப்பவன் முட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வேட்டைக் காலம் தொடங்குகிறது. கறி நானே கொண்டு வருவேன். நீ கவலைப்பட வேண்டாம்.

ராய்ஸ்


ஸ்போகேன்
அக்டோபர் 21

நான் கவலைப்படவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான் உன்னுடையது. வெண்டல் திருப்பித் தருகிறேன் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறான், நீ சந்தை நிலவரம் பேசுகிறாய்.

போ. வேட்டைக்குப் போ. பதினோராயிரம் இருக்கிறதே, ஒன்றாவது படும்.

லியோனா


பைன் ஓடை
அக்டோபர் 27

லியோனா,

பனி அதிகம். மான் கீழே இறங்கவில்லை. அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

நலம்.

ராய்ஸ்


ஸ்போகேன்
அக்டோபர் 31

ராய்ஸ்,

இரண்டு வரியில் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நீ. கையிருப்புக் கணக்குகூட இல்லை.

நம் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் வேட்டை எப்படி என்று கேட்பதில்லை. காதில் விழுகிற வெடியை எண்ணினால் போதும். ஒரு வெடி கேட்டால் கறி. இரண்டு கேட்டால் பார்க்கலாம். மூன்று கேட்டால் அந்த வீட்டில் அன்று பீன்ஸ். சனிக்கிழமை காலை நம் மேட்டிலிருந்து கேட்டதைச் சொல்ல ஜோலின் மறுபடி போன் செய்தாள். "நான் பதினாலு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் அடுப்புல பால் பொங்கிடுச்சு. லியோனா, மலையில சண்டை ஏதாச்சும் நடக்குதா?" என்றாள்.

உன்னைக் கேலி செய்ய எழுதவில்லை. கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒரு காலத்தில் நீ என்னைவிட நன்றாகச் சுடுவாய். எங்கள் அப்பாவே ஒப்புக்கொண்டது. இரண்டு வருஷமாக நீ துப்பாக்கியைத் தொடவில்லை. முட்டி வலி, பையைச் சுமந்தால் போதும் என்றாய். முட்டி வலிப்பவன் எதற்குச் சுமப்பான் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பூனைப் படம். உருளைக்கிழங்கு எழுத்து. பதினாலு வெடி. என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது. பேனா மோசம் என்று எழுதினால் இந்தக் கடிதத் தொடர்பு இதோடு முடிந்தது.

லியோனா


பைன் ஓடை
நவம்பர் 5

லியோனா,

பதினாலு இல்லை, பதினாறு.

ஓடைக்கு மேலே, நாம் வழக்கமாக உட்காரும் இடம். பழுப்பாக ஒன்று நின்றது. கொம்புகூடத் தெரிந்தது என்று நினைத்தேன். சுட்டேன், விழவில்லை. ஓடவும் இல்லை. மறுபடி சுட்டேன். கையில் இவ்வளவு தோட்டா இருக்கிறதே என்று சுட்டுக்கொண்டே இருந்தேன். அது ஓடாமல் நின்றதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கிட்டே போய்ப் பார்த்தேன். காற்றில் சாய்ந்த பைன் மரத்தின் வேர். மண்ணோடு பிடுங்கிக்கொண்டு நிற்கிறது. கையால் தடவின பிறகுதான் நிச்சயமானது.

வலது கண்ணில் பால் ஊற்றினது போல இருக்கிறது. இரண்டு வருஷமாக. இடது கண்ணும் இந்த வசந்தத்திலிருந்து அப்படித்தான். வண்டியைப் பழக்கத்தில் ஓட்டுகிறேன். இந்தக் கடிதத்தை ஜன்னலருகே, பூதக்கண்ணாடி வைத்து எழுதுகிறேன். உன் கடிதங்களைப் படிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. நீ சின்ன எழுத்தில் திட்டுகிறாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ பார்த்துக்கொள்வாய். எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்வாய், எனக்கு அதுதான் பயம். ஒரே குண்டில் அடிக்கிறவனுக்கு ஒன்று போதும். கண் தெரியாதவனுக்கு எவ்வளவு இருந்தாலும் போதவில்லை. ஒவ்வொரு பெட்டி வந்த அன்றும் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் இன்னொன்று வேண்டியிருந்தது. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் உன் நாற்பது சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. துப்பாக்கியைக் கொடுத்ததற்கு நான் சொன்ன காரணமெல்லாம் பிறகு கண்டுபிடித்தது. பொறாமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ராய்ஸ்


ஸ்போகேன்
நவம்பர் 9

கழுதை.

பெரிய எழுத்தில் எழுதுகிறேன், படி. அந்த வேருக்குப் பின்னால் ஜோலின் காளான் பறித்துக்கொண்டிருந்தால்? அவள் எண்ணாமல் விட்ட பதினைந்தாவது யார் மேல் பட்டிருக்கும்? அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டிச் சாவியை ஜோலினிடம் கொடு. இன்றே. எந்தத் துப்பாக்கியையும் தொடாதே.

இருபத்தேழு காலித் தோட்டாவும் நான் தனியாகக் கொண்டு வந்ததா? முந்நூறு கிலோ மானைத் துண்டு போட்டு, முழங்கால் பனியில் யார் வீட்டுக்குக் கொண்டு வந்தது? சுமக்க ஆள் இல்லாமல் சுட்டால் அது நரிக்குத்தான் விருந்து. இருபத்தாறு வருஷமாக இது உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போது சொல்லிவிட்டேன், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே.

துப்பாக்கி விஷயத்தில் நான் இனி ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீயே முடிவு செய்.

லியோனா


பைன் ஓடை
நவம்பர் 14

லியோனா,

சாவி ஜோலினிடம் இருக்கிறது. அவள்தான் இப்போது தபால் பெட்டிக்கும் போய் வருகிறாள்.

வெண்டல் வீட்டுக்கு நடந்தே போனேன். மூவாயிரத்தைத் திருப்பித் தருகிறேன், துப்பாக்கியைக் கொடு என்றேன். அவன் என் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, "இது எத்தன?" என்றான். ஜோலின் சொல்லியிருக்கிறாள். "மூவாயிரம் போன மாசத்துக் கணக்குடா. இப்ப உனக்குத்தான் அவசரம், எனக்கில்ல. பதினோராயிரத்தையும் குடு. இல்லைன்னா உங்க ஜன்னல்ல நிக்குதே காலித் தோட்டா, அத மூவாயிரத்தோட சேத்துக் குடு. வெடிமருந்து போட்டு நானே புதுசாக்கிக்கிறேன். துப்பாக்கியத் தர்றேன்" என்றான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிற ஆள் அவன். அது உனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் அருகே உட்கார்ந்தேன். இருபத்தேழையும் விரலால் தடவி எண்ணினேன். அவற்றைக் கொடுத்திருந்தால் எனக்கு எட்டாயிரம் மிஞ்சியிருக்கும். நீ வந்து வெறும் விளிம்பைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். போய், பதினோராயிரத்தையும் எடுத்துக்கொள் என்றேன்.

தள்ளுவண்டியோடு வந்தான். ஒன்பது நடை. ஜோலின் வாசலில் நின்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவன் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எண்ணினான். "ஏண்டா, பதினாறு குறையுதே?" என்றான். "அது மரத்துல இருக்கு, போய்ப் பிடுங்கிக்கோ" என்றேன். கடைசி நடையில் அவனுக்கே கொஞ்சம் கூச்சம் வந்தது போலிருக்கிறது. வாசலில் நின்று, "ராய்ஸ், கையில ஒண்ணுகூட இல்லாம எப்படிடா தூங்குவே?" என்றான்.

"நாற்பது இருக்குடா. ஸ்போகேன்ல இருக்கு" என்றேன்.

சாவேஜ் இரண்டு ஆணியிலும் மாட்டியிருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். படுக்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. கதவு சாத்துகிறது.

பீன்ஸ் மட்டும் இருக்கிறது. அதை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ராய்ஸ்


ஸ்போகேன்
நவம்பர் 18

ராய்ஸ்,

உன் கடிதத்தை ஓப்பலுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பதாவது நடையில் அழுதுவிட்டாள். அப்புறம், "அப்ப நீ கெளம்பிடுவே, இல்ல?" என்றாள். இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியத்துக்குள் காரில் வந்து சேருவேன். வேட்டைக் காலம் இருபத்தொன்பதாம் தேதிவரை இருக்கிறது. ஒரு நாள் போதும்.

இங்கே கண் ஆஸ்பத்திரியில் கேட்டேன். பிப்ரவரிக்கு முன்னால் இடமே இல்லை, நோய்க் காலத்தில் எல்லாரும் தள்ளிப்போட்டதெல்லாம் இப்போது குவிந்து கிடக்கிறது என்றார்கள். தினமும் காலையில் போய் வரிசையில் நின்றேன். ஐந்தாம் நாள் யாரோ வர முடியாது என்றார்கள், டிசம்பர் எட்டாம் தேதியைப் பிடித்துவிட்டேன். முதலில் வலது கண், மூன்று வாரம் கழித்து இடது கண். தட்டுப்பாட்டுக்கு முன்னால் முந்திக்கொண்டு வாங்கி வைக்க வேண்டும் என்று இருபது வருஷமாக என் காதில் ஓதினாயே, வாங்கி வைத்துவிட்டேன். வர மாட்டேன் என்று மட்டும் சொல்லிப் பார்.

ஜாடி மூடி இரண்டு டஜன், ஓப்பலின் பரணில் கிடைத்தது. கொண்டு வருகிறேன். தோட்டா ஒன்றே ஒன்று கொண்டு வருகிறேன். மீதி முப்பத்தொன்பதும் ஓப்பலின் தையல் பெட்டியில் இருக்கும். உன்னால் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாத இடம்.

முதுகுப் பையைத் தேடி எடுத்து வை. வெங்காயமும் வாங்கி வை, அன்று மாலை ஈரலை வதக்க வேண்டும். நான் முன்னால் நடக்கிறேன். என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வா. அந்தச் சட்டையாவது உன் கண்ணுக்குத் தெரியுமா? மறைக்காமல் எழுது.

லியோனா


பைன் ஓடை
நவம்பர் 20

லியோனா,

வெண்டலின் ஆரஞ்சுச் சட்டையை ஜோலின் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். முதலில் பத்தடி, அப்புறம் முப்பதடி, அப்புறம் நம் வேலி வரைக்கும் பின்னால் நடந்து வந்து பார்த்தேன்.

தெரிகிறது.

ராய்ஸ்